ஓரத்தில் ஈயம்

திரியெஸ்தேயில் காற்றுக்குப் பெயர் உண்டு: போரா.
அது இறங்கும் நாட்களில்
நகராட்சி தெருவோரம் கயிறு கட்டிவைக்கும்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அப்படியொரு நாளில், அஞ்சலகத்து வாசலில்,
கோட்டும் பாவாடையும் தலைக்கு மேலே போய்
ஊரே பார்த்த பிறகுதான்
நீவெஸ் கொசூத்தா
தம்பியின் தூண்டில் பெட்டியைத் திறந்து
பதினொரு ஈயக்குண்டுகளை எடுத்தாள்.
கோட்டின் கீழ்மடிப்புக்குள் வைத்துத் தைத்தாள்.

எந்தப் பத்திரிகைக்கும் அவள் இதைச் சொன்னதில்லை.
"நீவெஸ் கோட்டு நின்று யோசிக்கிறது"
என்று எழுதினான் மிலானில் ஒருவன்.
நான் கணக்கு எழுதினேன்:
ஈயம், கிலோ இத்தனை லிரா.

அறுபத்தொன்பதில் ஆறு இயந்திரங்கள்.
எழுபத்தெட்டில் நூற்று நாற்பது பேர், ஒரு கேன்டீன்,
டோக்கியோ கடைவீதியில் ஒரு கண்ணாடிச் சன்னல்;
அதற்குள் காற்றே இல்லாத இடத்தில்
எங்கள் கோட்டு மட்டும்.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பார்கள்.
தூற்றினோம்.
நீவெஸ் வாசனைத் திரவியம். நீவெஸ் குடை.
நீவெஸ் சாவிக்கொத்து.
உதீனேயில் ஒரு ஓட்டலின் குளியலறை ஓட்டில்
தன் பெயரை மிதித்துக்கொண்டு நின்ற அன்று
அவள் சிரித்துவிட்டாள்.
ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவள் அவள்தான்,
இரண்டாம் பக்கம் படிக்காமல்.
நான் படித்திருந்தேன்.
சொல்லவில்லை.
அந்த மாதம்தான் என் வீட்டுக்கடன் கையொப்பமாக வேண்டியிருந்தது.

தொண்ணூற்றொன்றில்
பெர்காமோவிலிருந்து வந்த மேலாளர்
செலவுப் பட்டியலில் ஈயத்தின் மேல் கோடு போட்டார்.
கோட்டுக்கு முந்நூற்றெண்பது லிரா மிச்சம்.
யாருக்கும் தெரியவில்லை, இரண்டு குளிர்காலம்.
மூன்றாவதில் திரும்பி வந்த கோட்டுகளை
நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால்
பாதி விலைக்குப் போட்டோம்.
பிறகு கால் விலை.

ஏலத்தில்
இயந்திரங்கள், இஸ்திரிப்பெட்டிகள்,
கை கழன்ற பொம்மைகள் பதினேழு,
தைக்காத லேபிள் முப்பத்தோராயிரம்.
எல்லாவற்றையும் கூட்டினாலும்
கடைசியாகப் போன பெயரின் விலைக்கு ஈடாகவில்லை.
பேர்போன கம்பெனி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.
பேர் போயிற்று.

அவள் ஒரு சின்னக் கடை திறந்தாள், ஜிப் மாற்ற, நீளம் குறைக்க.
பலகையில் தன் பெயரை எழுதினாள்.
வக்கீல் கடிதம் வந்தது.
அழித்துவிட்டு "திறந்திருக்கிறது" என்று எழுதினாள்.
ஞாயிற்றுக்கிழமையும் அதுவே தொங்கியது.

இப்போது பெயர் லக்சம்பர்க்கில் இருக்கிறது,
ஏதோ ஒரு நிதியத்தின் இழுப்பறையில்.
அவர்கள் அமர்த்திய தாதெய் ஹ்ரோவாத்துக்கு முப்பத்திரண்டு வயது.
கொரீசியாவில் பழைய கோட்டு ஒன்றை வாங்கி
ஓரத்தைப் பிரித்துப் பார்த்திருக்கிறான்.
பதினொன்று.
ஈயத்துக்கு இப்போது சட்டம் இடம் தராது.
கண்ணாடி மணி வைத்தான்.

பிப்ரவரி. கடலுக்குள் நீளும் கல் பாலம். மறு அறிமுகம்.
அழைப்பிதழில் "அன்புள்ள நீவெஸ்",
பெயரின் தோளில் வட்டத்துக்குள் ஓர் எழுத்து.
இது எனக்கா, கம்பெனிக்கா என்று கேட்டாள்.
இருந்தும் வந்தாள், எண்பத்துமூன்று வயதில்,
சொந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு.

முதல் பெண் நடந்தாள். ஓரம் எழுந்தது.
இரண்டாமவளுக்கு முழுக் கோட்டும் முகத்தில்.
திட்டமிட்டதென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது.
தாதெய் தட்டவில்லை.
கேமராக்காரர்களுக்குப் பின்னால்
குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் அப்போது?"
கடலைப் பார்த்தபடியே கேட்டாள்.
முந்நூற்றெண்பது, என்றேன்.
இரண்டாம் பக்கத்தைப் பற்றியும்
அன்றே சொல்லியிருக்கலாம்.
காற்று பலமாக இருந்தது.

வசந்தகால ஆர்டர் வந்ததா, தெரியாது.
எனக்குத் தெரிய வழியும் இல்லை.
பத்தாம் எண் பேருந்தில் ஏறினோம்.
படியின் இரும்பில் அவள் கோட்டின் ஓரம் பட்டு
டக் என்றது.
ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார்.